இழை நின்ற இடம்

வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் போனவர்கள் எங்கள் தெருவில் என்னிடம் வந்து கேட்பார்கள். "உன் அக்காவ வுட்டிருந்தியே, அந்த எடம் எப்பிடிப்பா?" நல்ல இடம்தான் என்பேன். அதற்கு மேல் கேட்டால் எனக்குப் பேச வராது. பேச வராததால் எழுதிப் பார்க்கிறேன். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருக்கும்.

அக்கா என்னைவிட ரொம்பப் பெரியவள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் போய்விட்டான். பிள்ளை இல்லை. எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். வந்த மறுநாளே தறியில் உட்கார்ந்தாள் என்று அப்பா சொல்வார். அப்பாவுக்குப் பிறகு தறி எனக்கு வந்தது. தறியோடு அக்காவும் வந்தாள்.

எங்கள் ஊர்ப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் ஒற்றை ஆள் நெய்ய முடியாது. நெய்கிறவன் குறுக்கு இழையைக் கொண்டுபோகிற நாடாவை உடலுக்கு ஓட்டுவான். ஓரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கரைக்கு வேறு நாடா போட வேண்டும். இரண்டு இழையையும் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொடுக்க வேண்டும். கோர்வை என்போம். என் கோர்வைக்கு அக்காதான். நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். பேச்சு கிடையாது. நான் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள்.

பிறகு மறக்க ஆரம்பித்தாள். முதலில் கரை நாடாவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை போட்டாள். நான் பிரித்துவிட்டேன். அடுத்து ஆட்களை மறந்தாள். ஒருநாள் என் மனைவியைப் பார்த்து என்னிடம் கேட்டாள்.

"இது யாரு? தண்ணி கேட்டுக்கினு வந்திருக்குதா?"

என் மனைவி சும்மா இருக்கிறவள் இல்லை. "ஆமா அண்ணி. கல்யாணமான நாள்லேர்ந்து கேட்டுக்கினு இருக்கேன். இந்த வீட்ல எவனும் குடுக்கல."

அக்கா எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மனைவி வாங்கிக் குடித்தாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

கோர்வைக்கு மனைவி வந்து உட்கார்ந்தாள். வேறு வழி இல்லை. எங்களுக்கு ஒரே பெண், அவளையும் ஆரணிப் பக்கம் கொடுத்துவிட்டோம். நாங்கள் இருவரும் தறியில் இருந்தால் அக்காவைப் பார்க்க ஆள் இல்லை. ஒருவர் எழுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு நிற்கும். கணக்கு இவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் நான் சாப்பிட எழுந்தேன். மனைவி குழாயடியில் இருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் அக்கா தறியில் இருக்கிறாள். நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு இழைகளை இரண்டு கையாலும் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணப் புடவைக்குப் போட்ட பாவு.

"இன்னாக்கா பண்ற?"

"சிக்கு வுழுந்து கெடக்குது பாரு. எடுக்கறேன்."

சிக்கு எதுவும் இல்லை. அவள் போட்டதுதான் சிக்கு. என் குரலைக் கேட்டு எழுந்தவள் கால் தவறித் தறிக்குழியில் விழுந்தாள். மிதிக்கட்டை இடுப்பில் இடித்தது. புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டோம். நடந்தாள். ஆனால் சாய்ந்து நடந்தாள்.

அதற்குப் பிறகு தறி ஓடும் நேரத்தில் அவளைத் தூணோடு கட்டினோம். மனைவியின் பழைய புடவையால் இடுப்பைச் சுற்றி, இறுக்காமல். அக்கா எதிர்க்கவில்லை. முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பகலில் அவிழ்த்துவிடுவாள். மறுநாள் நான் வேறு மாதிரி முடிச்சுப் போடுவேன்.

எதிர்வீட்டுக்காரர் எங்களைப் போலவே தறிக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நெருப்பு வாங்க வந்தவர் பார்த்துவிட்டார்.

"ஏம்பா, மாடு கட்டறாப்புல கட்டிட்டியே."

"அவுத்து வுட்டா நீ பாத்துக்கறியா?"

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்து, வயதானவர்களை வைத்துப் பார்க்கும் தர்ம இடங்கள் ஊரில் இரண்டு இருப்பதாகச் சொன்னார். எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார்.

"சாப்பாட்டு வேளைக்குப் போ. கொழம்புல கரண்டிய வுட்டுக் கிண்டிப் பாரு. அடியில பருப்பு இருந்தா நல்ல எடம்."

"பருப்ப எண்ணிக்கினு வரச் சொல்றாரு" என்றாள் மனைவி. "எனக்குப் பருப்பு தெரியாது. கை தெரியும். போங்க, கையப் பாத்துட்டு வருவோம்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வேறு ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. பட்டுத் தொழிலில் கைதான் எல்லாம். தோல் வெடித்திருந்தால், நகம் வளர்ந்திருந்தால் இழை மாட்டும், அறுந்துபோகும். அதனால் எங்கள் வீடுகளில் கைக்கு எண்ணெய் போடுவோம். பனிக்காலத்தில் இரண்டு வேளை. ஒருத்தி கையில் பட்டு இழையை வைத்து இழுத்தாலே அந்த வீடு அவளை எப்படி வைத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட எங்கள் கிழவிகள் இழையை மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். நானும் ஒரு முழ இழையை விரலில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதலில் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த சத்திரம். பின்கட்டில் ஒரு கூடம். வரிசையாகப் பாய். பார்த்துக்கொள்கிற ஆள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பாட்டியின் கையில் இழையை வைத்தேன். வைத்த இடத்திலேயே மாட்டியது. இழுத்தேன். அறுந்தது. நகத்தில் மண் இருந்தது.

"இவங்களுக்கு எண்ணெய் கிண்ணெய் யாராவது வெப்பாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"எல்லாம் மேல இருக்கறவர் பாத்துக்குவாரும்மா."

"அவர் கீழ எறங்கி வந்து நகம் வெட்டுவாரா?" என்று கேட்டுவிட்டு அவள் நடக்க ஆரம்பித்தாள்.

இரண்டாவது இடம் செவிலிமேட்டுக்குப் போகிற வழியில், பாலாற்றுப் பக்கம். அப்போது அங்கே வீடுகள் குறைவு. வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் நீளமாக ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு. கிறிஸ்தவர்கள் நடத்தியது. பொறுப்பில் இருந்த அம்மா தெற்கத்திக்காரர். எங்களைத் தின்பண்டம் விற்க வந்தவர்கள் என்று முதலில் நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே அழைத்துப் போனார். தரை கழுவிவிட்டிருந்தது. நான் இழையை எடுத்தேன்.

"என்ன செய்யிறீங்க?"

"கை பாக்கறோம்மா."

"ஜோசியமா? இங்க அதெல்லாம் கூடாது."

"ஜோசியம் இல்லம்மா. நாங்க தறிக்காரங்க" என்றாள் மனைவி.

சன்னலோரம் படுத்திருந்த ஒரு கிழவி கையை நீட்டினாள். "எனக்கு எப்போ சாவுன்னு பாத்துச் சொல்லுப்பா. சும்மா இழுத்துக்கினு கெடக்குது."

"ரேகை பாக்கல ஆயா. தோல் பாக்கறோம்."

"தோலா? மாடு புடிக்க வந்தவனா நீ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கையில் இழையை வைத்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. அடுத்த கட்டில். அதுவும் அப்படியே. அதற்கு அடுத்ததும். எல்லா நகமும் ஒட்ட வெட்டியிருந்தது. எல்லாக் கையும் மெத்தென்று இருந்தது. தறி வீட்டில்கூட இத்தனை கிழவிகளுக்கு இப்படிக் கை நான் பார்த்ததில்லை.

அங்கே வேலை செய்த ஒருத்தி பக்கத்தில் வாளியோடு நின்றிருந்தாள். ஏனாத்தூர்ப் பக்கம். நடவு வேலை செய்து வளர்ந்தவள் என்று பார்த்தாலே தெரியும். "என் கையையும் பாரேன்" என்று நீட்டினாள். இழையை வைத்தேன். நாலு இடத்தில் மாட்டிக்கொண்டது. எடுக்கவே முடியவில்லை.

"உன் கையில பட்டு குடுத்தா எல்லாம் சிக்காயிடும்மா" என்றாள் என் மனைவி.

"எனக்கு எவன் பட்டு குடுக்கறான்!"

அவள்தான் எல்லோருக்கும் எண்ணெய் தேய்க்கிறவள் என்று பொறுப்பு அம்மா சொன்னார். திரும்பி வரும்போது மனைவி சந்தோஷமாக இருந்தாள். "இதவிட இன்னா வேணும்? எப்பிடி மெத்துன்னு இருக்குது ஒவ்வொரு கையும்." நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கைகள் ஒன்றிலும் இழை எங்கேயும் நிற்கவே இல்லை என்பது என் கண்ணில் பட்டது. அது நல்லது என்று எடுத்துக்கொண்டேன்.

தையில் அக்காவைக் கொண்டுபோய் விட்டோம். ஜட்காவில் போனோம். அவள் கையை என் மடியில் வைத்திருந்தேன். சட்டைப் பையில் இழை இருந்தது. ஏனோ எடுத்து அவள் கையில் ஓட்டிப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை முழுக்க வழுக்கியது. ஆள்காட்டி விரல் ஓரத்தில் வந்து நின்றது. அங்கே ஒரு பள்ளம். வருஷக்கணக்காக இழை ஓடி ஓடி விழுந்தது. தறி வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அந்த இடம் உண்டு. இழை அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகும்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பட்டுக் கடையிலிருந்து வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

"கடக்காரரே, பொடவ இன்னும் அறுக்கல. அமாவாசைக்குள்ள அறுத்துக் குடுத்துடறோம். தம்பி சின்னவன். அவன ஒண்ணும் சொல்லாதீங்க."

தறியிலிருந்து புடவையை முடித்து எடுப்பதைத்தான் அறுப்பது என்போம். சரிம்மா, மெதுவா குடுங்க என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

எங்கள் ஊரில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்று போய்ப் பார்ப்பேன். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் சைக்கிளில் போவேன். அக்கா குளித்து, தலை வாரி, பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பாள். உடம்பில் புண் இல்லை. நாற்றம் இல்லை. சோறு ஊட்டுகிறார்கள். இடுப்புக்குத் தைலம் போடுகிறார்கள். நான் இழையை எடுத்து ஓட்டுவேன். வழுக்கும். அக்கா ஒவ்வொரு முறையும் கடைக்காரரிடம் சொல்கிறபடி சொல்வாள். தம்பி சின்னவன். நான் தலையாட்டிவிட்டு வருவேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்பாள். "கை எப்பிடி இருக்குது?"

"மெத்துன்னு இருக்குது."

அவளுக்கு அது போதும். எனக்கும் போதும். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. விரல் ஓரத்துப் பள்ளம் தூர்ந்துகொண்டு வந்தது. இழை அங்கே நிற்பது குறைந்தது. தோல் தேறுகிறது என்று நினைத்தேன்.

வைகாசியில் கடையில் பட்டு வரவில்லை. தறி சும்மா கிடந்தது. அமாவாசைக்கு நாள் இருந்தது. சும்மா இருப்பதற்குப் போய்ப் பார்ப்போம் என்று போனேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் துணிப்பை மாட்டியிருந்தது. மணிக்கட்டில் சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தது. பைக்குள் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. துணிக்குள் ஏதோ பூச்சி ஓடுகிற மாதிரி இருந்தது.

ஏனாத்தூர்க்காரி என்னைப் பார்த்துவிட்டாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கு அமாவாச இல்லியேப்பா."

"தெரியும். இது இன்னா?"

"அவுத்துடறேன். இரு."

"இது இன்னான்னு கேக்கறேன்."

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் காட்டினாள். நூல் பந்து. தேங்காய் அளவு இருக்கும். படுக்கை விரிப்பு நூல்.

"படுக்கைத் துணியெல்லாம் பிரிச்சிடுது. போட்டா மறுநாள் நூலாக் கெடக்கும். பக்கத்துக் கட்டில் கெழவி சீலையையும் வுடல. இது ராத்திரில பிரிச்சிடுது, காலைல அந்தக் கெழவி துணியில்லாம கெடக்குது. இன்னா பண்ணுவேன் நானு?"

பந்தை வாங்கிப் பார்த்தேன். நூலை இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. எங்கேயும் முடிச்சு இல்லை. நுனியோடு நுனி வைத்து முறுக்கி இணைத்திருந்தாள். பாவு இழை அறுந்தால் நாங்கள் எப்படிச் சேர்ப்போமோ அப்படி.

"தூக்கிப் போட மனசு வரலப்பா. எவ்ளோ அழகா சுத்தி வெச்சிருக்குது பாரு."

பையைத் தொட்டுப் பார்த்தேன். துணி ரொம்பத் துவைத்து நைந்து போயிருந்தது.

"என் பழைய சீல. புதுத் துணி உறுத்தும்னு அதக் கிழிச்சித் தெச்சேன். தெனமும் அவுத்து எண்ணெய் போட்டுத்தான் கட்டறேன்."

அதனால்தான் மெத்தென்று இருந்தது.

பொறுப்பு அம்மாவிடம் போனேன். அக்காவை அழைத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"கூட்டிட்டுப் போங்க. உங்க அக்கா. நான் தடுக்க முடியுமா? நீங்க வர்ற அன்னிக்கு அவுத்து வைக்கச் சொன்னது நான்தான். பாத்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு. அது தப்புதான்." பிறகு கேட்டார். "வீட்டுல யாரு இருக்காங்க பாத்துக்க?"

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி முதலில் அந்த இடத்தைத் திட்டினாள். ஏனாத்தூர்க்காரியைத் திட்டினாள். பிறகு தூணைப் பார்த்தாள். அதில் புடவை தேய்த்த தடம் இன்னும் இருந்தது.

"அங்க கைய கட்றாங்க. நாம இடுப்ப கட்டினோம். எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க."

"அழச்சிக்கினு வந்துடலாமா?"

"வாங்க அழச்சிக்கினு. நான் தறியிலேர்ந்து எழுந்துக்கறேன். நீங்க இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கைன்னு ஒத்தையாளா கோர்வை போடுங்க. அப்பால மூணு பேரும் கைய நக்கிக்கினு உக்காந்திருக்கலாம்."

சொல்லிவிட்டு அழுதாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடித்தார்களா, இல்லை. பட்டினி போட்டார்களா, இல்லை. பொய் சொன்னார்களா, ஒரு சின்னப் பொய். தன் புடவையைக் கிழித்துப் பை தைத்தவளைக் கெட்டவள் என்று எப்படிச் சொல்வேன்? நல்லவள் என்றும் அன்று என் வாயில் வரவில்லை. அந்தப் பைக்குள் விரல் அசைந்தது போகவில்லை.

தறி வீட்டில் சிக்கு எப்போதும் கிடக்கும். அறுந்ததும் தொங்கியதுமாகச் சேர்ந்து முடி போலச் சுருண்டுகொண்ட பட்டு. யாருக்கும் பிரிக்கப் பொறுமை இருக்காது. மூலையில் ஒரு கோணியில் போட்டு வைப்போம். மறுநாள் அதில் இரண்டு கை அள்ளி ஒரு துணியில் கட்டிக்கொண்டு போனேன்.

பொறுப்பு அம்மா யோசித்தார். யாராவது வாயில் போட்டுக்கொண்டால், கழுத்தில் சுற்றிக்கொண்டால் என்றார். நியாயம்தான். ஏனாத்தூர்க்காரிதான் சொன்னாள். "நான் பக்கத்துல உக்காந்துக்கறேம்மா. பகல் சோத்துக்கு அப்பால கொஞ்ச நேரம் எனக்கு வேல இல்ல. அந்நேரம் குடுக்கலாம்."

பையை அவிழ்த்து மடியில் சிக்கை வைத்தேன். அக்கா குனிந்து பார்த்தாள்.

"யார்ரா இத இப்பிடிப் போட்டது? கையா காலா?"

ரொம்ப நாளுக்குப் பிறகு அப்படி ஒரு அதட்டல். ஒரு நுனியைக் கண்டுபிடித்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியாது. இழுக்கவில்லை. மெதுவாக அசைத்தாள். இழை வந்தது. ஏனாத்தூர்க்காரி காலை நீட்டி உட்கார்ந்து வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒரு நுனி குடேன்."

"உன் கையக் காட்டு" என்றாள் அக்கா. பார்த்தாள். "போடி. நாத்து நடு போ."

ஆனி, ஆடி, ஆவணி. ஒவ்வொரு அமாவாசைக்கும் சிக்கு கொண்டுபோவேன். பிரித்துச் சுற்றி வைத்ததை வாங்கிவருவேன். மனைவி அதைத் தறிக்குச் சுற்றிக்கொள்வாள். எந்தப் புடவையில் எந்தக் கரையில் போயிற்று என்று தெரியாது. யாரோ கட்டிக்கொண்டிருப்பார்கள். சிக்கு கையில் இல்லாத நேரத்தில் பை மாட்டத்தான் செய்தார்கள். இப்போது நான் போகும்போது மறைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. என்னை இன்னும் கடைக்காரர் என்றுதான் நினைத்தாள்.

"தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. நான் பக்கத்துலயே இருக்கேன். முடிச்சிடுவோம்."

புரட்டாசியில் இழையை ஓட்டிப் பார்த்தேன். விரல் ஓரத்தில் லேசாக நின்றது. மறுபடி ஓட்டினேன். நின்றது. வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி அன்று பாயசம் வைத்தாள். எதற்கு என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். நாத்தனாருக்கு விரலில் மறுபடி பள்ளம் விழுந்திருக்கிறது என்றாள். "அதுக்கெல்லாமா பாயசம்?" என்று கேட்டுக்கொண்டே ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

கார்த்திகையில் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை என்றார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். வயது என்று சொன்னாராம்.

மார்கழி அமாவாசைக்குப் போனேன். பனி விலக நேரமாயிற்று. அக்கா சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் சிக்கு இருந்தது. பக்கத்தில் ஏனாத்தூர்க்காரி எப்போதும் போலக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அக்காவின் கையில் பை இல்லை.

"பை போடலியா?"

"கொஞ்ச நாளா போடலப்பா." அவள் என்னைப் பார்க்கவில்லை. "போட வேண்டிய வேல இல்ல. மடியில வெச்சா வெச்சபடி கெடக்குது. நானும் தெனம் உக்காந்து பாக்கறேன். நுனியக்கூட எடுத்துக் குடுத்துப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச மாதிரி."

சிக்கில் ஒரு நுனி வெளியே நீண்டிருந்தது. ஏனாத்தூர்க்காரி எடுத்ததுதான். அந்த இடத்தில் பட்டு நார் நாராகப் பிசிறியிருந்தது.

நான் அக்காவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கடைக்காரர் மாதிரி கேட்டேன்.

"இன்னாம்மா, பொடவ எப்போ அறுப்பீங்க?"

பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். தம்பி சின்னவன் என்று சொல்வாள் என்று இருந்தேன். சொல்லவில்லை.

"கேக்கறாரு பாரு, சொல்லு" என்று ஏனாத்தூர்க்காரி அவள் தோளைத் தொட்டாள். "தெனமும் சொல்லுவியே. தம்பி சின்னவன், தம்பி சின்னவன்னு. சொல்லேன்."

அக்காவின் கையை எடுத்தேன். நகம் வெட்டியிருந்தது. எண்ணெய் போட்டிருந்தது. பனிக்காலத்தில் ஒரு வெடிப்பு இல்லை. இழையை மணிக்கட்டில் வைத்து இழுத்தேன். உள்ளங்கையில் வழுக்கியது. விரல் ஓரத்துக்கு வந்தது. போய்விட்டது. மறுபடி வைத்தேன். இந்த முறை மெதுவாக இழுத்தேன். எங்கேயும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கை எப்பிடி இருக்குது?"

"மெத்துன்னு இருக்குது."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

தை பிறந்ததும் போய் மறுபடி பார்த்தோம், இரண்டு பேருமாக. மனைவி பேசினாள், பதில் இல்லை. தண்ணீர் கொடுத்தாள், அக்கா ஒரு வாய் குடித்தாள்.

மாசியில் ஒரு காலை, செவிலிமேட்டிலிருந்து ஆள் வந்தது. ஏனாத்தூர்க்காரியே வந்திருந்தாள். நாங்கள் தறியில் இருந்தோம். அவள் வாசலிலேயே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து நான் கையை நிறுத்தினேன். பக்கத்தில் என் மனைவியும் நிறுத்தினாள்.